பரீட்சைக்கு வரும் தர்மாம்பாள்

தர்மாம்பாளின் நெஞ்சில் பதினாலு வருஷமாக ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர்களை ஒன்றாக ஏற்றினால் ஒரு டவுன் பஸ் போதாது. அத்தனை பேரும் அவளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் அல்ல. அவளைத் தொட்டுப் பரீட்சை கொடுத்தவர்கள்.

எம்.டி. படிக்கிற டாக்டர்களுக்கு மூன்றாம் வருஷக் கடைசியில் செய்முறைப் பரீட்சை உண்டு. ஒரு நோயாளியைப் பரிசோதித்து, இன்ன நோய், இன்ன காரணத்தால் அப்படிச் சொல்கிறேன் என்று பரீட்சகர்கள் முன்னால் விளக்க வேண்டும். அதற்கு அடையாளம் தெளிவாகத் தெரிகிற நோயாளி வேண்டும். அன்றைக்குப் பார்த்து வார்டில் அப்படி ஒருவர் படுத்திருப்பார் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் பழைய நோயாளிகளுக்குப் போன் போட்டு வரவழைப்பார்கள். பஸ் காசு, மதியச் சாப்பாடு, இரண்டு நாள் கட்டில். இவர்களுக்குப் பரீட்சைக் கேஸ் என்று பேர்.

தர்மாம்பாளின் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. பதினோரு வயதில் காய்ச்சல் வந்து முட்டியும் கணுக்காலும் வீங்கின. பத்து நாளில் வடிந்துவிட்டதால் எல்லோரும் மறந்துபோனார்கள். காய்ச்சல் மறக்கவில்லை. இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது நடவுக்குக் குனிந்தவள் நிமிர முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு சென்னைக்குக் கொண்டுபோய், தொடை வழியாக பலூன் விட்டு வால்வைக் கொஞ்சம் விரித்தார்கள். அதிலிருந்து தினம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை தஞ்சாவூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கல்லூரியின் பேர் இங்கே தேவையில்லை.

இப்போது வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி வெளியூரில். புருஷன் மருதையன் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பார்க்கிறான்.

அவளைப் பரீட்சைக்குக் கொண்டுவந்தவர் அப்துல் மஜீது. மருத்துவத் துறையின் அலுவலக உதவியாளர். அவரிடம் நீளமான நோட்டு ஒன்று உண்டு. அதில் ஆட்களை ஊர் வைத்து எழுதமாட்டார், நோய் வைத்து எழுதுவார். மண்ணீரல் வீரையன், நடுக்கம் எல்லையம்மாள், வால்வு தர்மாம்பாள். வால்வுக்கு அவர் வைத்த பேர் கதவு. போன் போட்டால், "தங்கச்சி, கதவு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார்.

"சாத்தியும் சாத்தாமலும் இருக்குது பாய். எப்ப வரணும்?"

தர்மாம்பாள் இந்த வேலையை ஒழுங்காகச் செய்தாள். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை தனியாக வைத்திருந்தாள். திரை போட்டிருக்கிறதா, நர்ஸ் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு வருகிற டாக்டர் யார், குளிர்ந்த கையோடு வருகிறவர் யார் என்று அவளுக்கு அத்துப்படி. பேசக் கூடாது என்பது விதி. ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கினதுமே அவள் தானாக இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள். மூச்சை வெளியே விட்டு நிறுத்துவாள். அப்படிப் படுத்தால்தான் அந்தக் குறுகின வால்வின் சத்தம் காதில் விழும். திணறிக்கொண்டு நிற்கிற டாக்டர் பிள்ளைக்கு அதுவே போதும். வாய் திறக்காமல் விடை சொன்ன மாதிரி.

பிள்ளைகளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் படித்தவர்கள் யாரோ, பரீட்சைக்கு வருகிற கேஸ்களை எல்லாம் டைப் அடித்து வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் அது கைமாறியது. அதில் தர்மாம்பாளுக்கு அரைப் பக்கம். என்ன நோய், என்ன சத்தம், எந்த இடத்தில், நாடி நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு, சீரானது. மஜீதே ஒரு நாள் போனில் காட்டினார்.

"உன் சரித்திரத்தையே போட்டிருக்கானுவ, பாரு."

"போட்டோ போடலியே?"

"ஆளு முகத்த எவன் பாக்கப் போறான்?"

அதை அவள் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். ஊரில் அவளுக்கு அந்தப் பேர் இருந்தது. "பெரிய டாக்டருங்களுக்கு மார்க் போடுற ஆளு" என்பார்கள்.

இந்த வருஷம் பங்குனிக் கடைசியில், உளுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ தட்டுக்கெட்டுப் போனது. வேகமாக நாலு அடி, ஒரு நிறுத்தம், பிறகு ஒன்று, பிறகு மூன்று. வலி இல்லை. தண்ணீர் குடித்தாள். அடங்கவில்லை. மறுநாளும் அப்படியே. வாய்க்கால் கரை ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு வாரத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது.

"கெளம்பு, போய்க் காட்டிட்டு வந்துடுவோம்" என்றான் மருதையன்.

"மே மாசம் பரீட்சை இருக்கு. அப்பப் பாத்துக்கலாம்."

"பரீட்சை உனக்கா, அவங்களுக்கா?"

"யாருக்கா இருந்தா என்ன? இப்பப் போனா ஓ.பி.ல மூணு மணி நேரம் நிக்கணும். ஒரே ஒரு டாக்டரு, ரெண்டு நிமிஷம் பாப்பாரு. அங்க ரெண்டு நாள்ல எட்டுப் பேரு, மேல நாலு பெரிய டாக்டரு, பன்னெண்டு பேரு தொட்டுப் பாப்பாங்க. அவங்க கண்ணுல படாததா?"

மருதையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. "உனக்காவது ஆஸ்பத்திரில ஒரு மதிப்பு இருக்கு. எனக்கு மாட்டாஸ்பத்திரிலகூட கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சித்திரையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மூன்று மாத முறையையும் அவள் தள்ளிப்போட்டாள். பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. நாலு செடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு எடுத்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் மன்னார்குடி வழியாக பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். மஜீது கட்டில் காட்டினார்.

"பாய், நெஞ்சு முன்ன மாதிரி இல்ல. தட்டுக்கெட்டு அடிக்குது."

மஜீது கையில் நோட்டும் போனுமாக நின்றார். பன்னிரண்டு கேஸில் இரண்டு பேர் இன்னும் வரவில்லை. ஒருவர் போனையே எடுக்கவில்லை. "நாளைக்குத்தான் அத்தன பேரு பாக்கப் போறாங்களே, தங்கச்சி. கேஸு வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? முடியட்டும், நானே சீஃப்கிட்ட சொல்றேன்."

சரிதான் என்று படுத்தாள். அவள் வந்ததே அதற்குத்தானே.

காலையில் பரீட்சகர்கள் நாலு பேரும் வந்தார்கள். முறைப்படி, பரீட்சைக்கு முன்னால் அவர்களே ஒவ்வொரு கேஸையும் பரிசோதித்து, என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். துறைத் தலைவர் டாக்டர் உலகநாதன் முன்னால் வந்தார். அவர் நல்ல வைத்தியர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "இவங்க நம்ம தர்மாம்பாள். பதினாலு வருஷமா வர்றாங்க. வால்வு சுருக்கம், நாடி ரெகுலர்" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாள் வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த பரீட்சகர், டாக்டர் குந்தவை. குட்டையான ஆள், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். சத்தம் கேட்டது. தலையாட்டினார். இன்னும் பதினொரு கட்டில் பாக்கி, ஒன்பது மணிக்குப் பரீட்சை. போய்விட்டார்கள்.

பன்னிரண்டில் நாலு பெரிய டாக்டர் முடிந்தது. பாக்கி எட்டு. அன்றைக்கு நாலு பேர்.

முதலில் வந்தது மோகனப்பிரியா. அந்த வருஷத்தில் அவள்தான் முதல் என்று பேச்சு. கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டாள். வணக்கம் சொன்னாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கண் கடிகாரத்தில் இருந்தது, உதடு எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு வினாடியில் விட்டுவிட்டாள். அவள் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தபோது தர்மாம்பாள் ஒருக்களிக்கவில்லை. மல்லாந்தபடியே கையை நீட்டி, மணிக்கட்டு மேலே தெரிகிற மாதிரி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி அதுதான்.

மோகனப்பிரியா குனிந்து, நர்ஸுக்குக் கேட்காத குரலில், "அம்மா, லெஃப்ட்ல திரும்புங்க. மறந்துட்டீங்களா?" என்றாள்.

திரும்பினாள். என்ன செய்வது?

பரீட்சகர்கள் வந்ததும் மோகனப்பிரியா ஆறு நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். நாடி எழுபத்தெட்டு, சீரானது. கேட்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருந்தது. தர்மாம்பாளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் பதினாலு வருஷம் கேட்ட பாடம், எந்த வார்த்தைக்குப் பிறகு எது வரும் என்று தெரியும். 'ரெகுலர்' என்பது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது ஆளும் எழுபத்தெட்டு என்றான். மூன்றாவது ஆளும் எழுபத்தெட்டு. அவன் மணிக்கட்டைத் தொட்டதாகவே அவளுக்கு நினைவில்லை.

திரைக்குள் படுத்துக்கொண்டு தர்மாம்பாள் நெஞ்சைக் கவனித்தாள். இரண்டு, நிறுத்தம், நாலு, ஒன்று. ஏழு பேர் ஆகிவிட்டது. ஒன்றரை மாதமாக இந்த நாளைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் யாரும் கண்டுபிடிக்காவிட்டால், ஒன்றும் இல்லை என்று நினைத்து நாளைக்கு பஸ் ஏறிவிடுவாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும்தான் முதல் முறையாகப் பயந்தாள்.

நாலாவது ஆள் ராம்கி. போன தடவை தேறாதவன். முப்பது வயது இருக்கும், சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கை சில்லென்று இருந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தான். அவன் எதையும் ஒப்பிக்கவில்லை. ஒப்பிக்க வராதவன் போல. அரை நிமிஷம் ஆயிற்று. முகம் மாறியது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். இன்னொரு கையால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து இரண்டையும் சேர்த்து எண்ண ஆரம்பித்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. நிமிர்ந்தான்.

பரீட்சகர்கள் வந்து நின்றார்கள். உலகநாதன், "நாடி?" என்றார்.

"செவன்ட்டி எய்ட், சார். ரெகுலர்" என்றான் ராம்கி.

"இல்ல தம்பி" என்றாள் தர்மாம்பாள்.

திரைக்குள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கட்டில் பேசின மாதிரி.

"மொதல்ல புடிச்சீங்கல்ல, அப்ப உங்க மூஞ்சி மாறிச்சு. அதச் சொல்லுங்க."

"தர்மாம்பாள், நீங்க பேசக் கூடாது" என்றார் உலகநாதன். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்.

"நான் நோயச் சொல்லலைங்க சார். கையப் பாக்கத்தான் சொல்றேன். பங்குனிலேந்து இப்படி இருக்கு. இன்னிக்குப் பாப்பீங்கன்னுதான் வந்தேன்."

டாக்டர் குந்தவை கண்ணாடியைக் கீழே இறக்கினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இன்னொரு நிமிஷம்.

"கையில நூத்தி நாலு. நெஞ்சுல நூத்திப் பதினெட்டு. கொஞ்சங்கூட சீரா இல்ல" என்றார். நெஞ்சில் அடித்ததில் சில அடி கைக்கு வந்து சேரவே இல்லை. ராம்கியைப் பார்த்தார். "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"நூறுக்கு மேல வந்துச்சு மேடம். எண்ணி முடிக்கல."

"அப்ப எழுபத்தெட்டு எங்கேந்து வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "நோட்ஸ்ல அப்படி இருந்துச்சு, மேடம். மத்தவங்களும் அதத்தான் சொன்னாங்க. என் கைதான் தப்புன்னு நெனச்சேன்."

"நாலு பேருக்கும் ஒரே எழுபத்தெட்டு" என்றார் குந்தவை, உலகநாதனிடம். "எனக்கு மூணாவது ஆள்கிட்டயே ஒறைச்சிருக்கணும். காலைல நானே பத்து செகண்ட் வெச்சுட்டுப் போயிட்டேன். நீங்க சொன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன். பசங்கள மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?"

உலகநாதன் தானும் ஒரு தடவை மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகமும் மாறியது. தர்மாம்பாள் அதையும் பார்த்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள். சுருங்கின வால்வுக்குப் பின்னால் ரத்தம் தேங்கித் தேங்கி மேலறை விரிந்துபோயிருந்தது. விரிந்த அறை ஒழுங்காகச் சுருங்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. அப்படி இருக்கிற அறையில் ரத்தம் தேங்கி உறைந்துபோகலாம். உறைந்த துணுக்கு ஒன்று கிளம்பி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். இதுவரைக்கும் உறைந்திருக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாரும் சொல்லத் தயாராக இல்லை. பெண்கள் வார்டில் பதினோராம் எண் கட்டிலில் சேர்த்தார்கள். பதினாலு வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அவள் நோயாளியாகப் படுத்தது அதுதான் முதல் தடவை.

பரீட்சையில் ஒரு கேஸ் குறைந்துபோனது. மஜீது வார்டு வார்டாக ஓடினார். முந்தின நாள் சேர்ந்த வேதாரண்யத்து மீனவர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு நிமிஷம் பேசினாலே இருமுகிற ஆள். வேறு வழியில்லை, அவரைத்தான் கேட்டுச் சம்மதம் வாங்கினார்கள். வாட்ஸப்பில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. காலையில் போன நாலு பேரும் மறுபடி அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. நெஞ்சில் நீர் கோத்திருந்ததை இரண்டு பேர் சரியாகக் கண்டுபிடித்தார்கள், அதில் ராம்கி ஒருவன். மோகனப்பிரியாவும் கண்டுபிடித்தாள், ஆனால் பக்கத்தை மாற்றிச் சொன்னாள். மிச்சம் இருந்தவன் நெஞ்சையே விட்டுவிட்டு ஈரலைப் பற்றிப் பேசினான்.

இதை எல்லாம் மஜீதுதான் சாயங்காலம் வந்து சொன்னார்.

"என் வேலைக்கு ஒல வெச்சிட்டியே தங்கச்சி."

"நேத்தே சொன்னேன்ல பாய். நீங்கதான் வாயத் தொறக்காதன்னீங்க."

"தொறந்தா ஒரேடியாவா தொறப்ப?"

ஒன்பது நாள் படுத்திருந்தாள். வேலை இல்லாத ஒன்பது நாள் அவள் வாழ்க்கையில் முன்னே வந்ததில்லை. ஆகையால் வேடிக்கை பார்த்தாள். பரீட்சைக் கட்டிலில் பார்த்த டாக்டர் பிள்ளைகளை வார்டில் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தார்கள். ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க வருவார்கள், நாற்பது கட்டிலுக்கும். எடுத்த குப்பிகளைத் தாங்களே லேபுக்குக் கொண்டுபோவார்கள். ஸ்கேன் ரிசல்ட் வாங்க இன்னொரு கட்டடத்துக்கு ஓடுவார்கள். காப்பீட்டு பாரத்தை மூன்று பிரதி எழுதுவார்கள். முந்தின நாள் காலையில் பார்த்த அதே சட்டையோடு மறுநாள் சாயங்காலமும் நிற்பார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் பத்துப் பேர் நடந்து, அவர் சொல்கிறதை எழுதிக்கொள்வார்கள். ஒரு பிள்ளை ஒரு நோயாளியிடம் உட்கார்ந்து விசாரிக்கிறதை, அதைப் பக்கத்தில் இருந்து இன்னொருவர் பார்த்து இது சரி, இது தப்பு என்று சொல்கிறதை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொன்னாள்: "இந்தப் புள்ளைங்க மூணு வருஷம் இங்கயே கெடக்குதுங்க. ஆனா யாரும் ஒக்காந்து சொல்லிக் குடுக்கல. அப்புறம் ஒரு நாள் நாலு பேரு நின்னு கேள்வி கேட்டா, அதுங்க வாட்ஸப்பப் பாக்காம என்ன பண்ணும்?"

இதை உலகநாதனிடமும் சொன்னாள். அவர் கேட்டதால் சொன்னாள். எட்டாவது நாள் தனியாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வேற என்னென்ன கவனிச்சீங்க?" என்று கேட்டார். நாற்பது கட்டில், குப்பி, பாரம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாங்களும் இப்படித்தாம்மா கத்துக்கிட்டோம்" என்றார் கடைசியில்.

"அப்ப சரியா இருந்துச்சுங்களா?"

"அப்பயும் சரியா இல்லதான்."

ஊருக்குக் கிளம்பும்போது துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பு இனிமேல் சீராகாது, கட்டுக்குள் இருந்தால் போதும் என்றார்கள். வால்வுக்கு அடுத்த வருஷம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது, கீரையை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், செவ்வாய்க்கிழமை வந்து ரத்தம் உறைகிற நேரத்தைப் பரிசோதித்து, அதைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு போக வேண்டும். முதலில் வாரா வாரம், பிறகு மாதம் ஒரு தடவை.

ராம்கி தேறவில்லை. மீனவரிடம் சரியாகச் செய்தும், இன்னொரு நோயாளியிடம் திணறியதில் மார்க் போய்விட்டது. மோகனப்பிரியா தேறி, வேலை கிடைத்துக் கோயமுத்தூர் போய்விட்டாள். ராம்கி இன்னும் ஆறு மாதம் அதே வார்டில். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் தர்மாம்பாளைப் பார்த்தால், "என் ஆறு மாசம் உங்களாலதாம்மா" என்பான்.

"நீங்க மொதல்ல வந்ததச் சொல்லியிருந்தா எனக்கு என்ன வேல பேசறதுக்கு?" என்பாள் அவள். இருவருக்கும் அதில் மனஸ்தாபம் இல்லை.

துறையில் சில மாற்றங்கள் வந்தன. ரத்தம் எடுக்கவும் குப்பி கொண்டுபோகவும் தனியாக இரண்டு பேரைப் போட்டார்கள். பாரம் எழுத ஒரு ஆள் போடுவதாகச் சொன்னார்கள், இன்னும் போடவில்லை. அடுத்த பரீட்சையிலிருந்து பாதி கேஸ் வார்டில் அப்போது சேர்ந்திருக்கிற நோயாளிகள், பரீட்சகர்கள் காலையில் முழுதாகப் பார்த்து எழுதிய பிறகுதான் ஆரம்பம் என்று முடிவாயிற்று. மஜீதின் நோட்டு பாதி செத்தது. எல்லாவற்றையும்விட, வாரத்தில் இரண்டு நாள் உலகநாதனோ வேறு ஒரு பெரிய டாக்டரோ ஸ்டூலில் உட்கார்ந்து, படிக்கிற பிள்ளை ஒரு புது நோயாளியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்ப்பதைப் பார்ப்பார்கள். நடுவில் பேசமாட்டார்கள். முடிந்ததும் பத்து நிமிஷம் பேசுவார்கள். பிள்ளைகள் இதற்குப் பயந்தார்கள். சில வாரம் பெரிய டாக்டர்களே வரவில்லை. வந்த வாரங்களில் நடந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. சம்பா நடவு முடிந்து தர்மாம்பாள் கிளினிக்குக்கு வந்திருந்தாள். ராம்கியின் முறை, அதோடு உலகநாதன் உட்கார்ந்து பார்க்கிற நாள். சுவரோரம் ஸ்டூலில் கைகட்டி இருந்தார்.

ராம்கி மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணினான். நெஞ்சில் வைத்து ஒரு நிமிஷம். இரண்டையும் எழுதினான். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தான். போன மாதம் சரியாக இருந்தது, இந்த மாதம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

"மூக்குல, பல்லுல ரத்தம் வருதாம்மா?"

"இல்ல தம்பி."

"மலம் கறுப்பாப் போகுதா?"

"இல்ல."

"மாத்திரைய ரெண்டு வேளை சேத்துப் போட்டுட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடுறேன்? காலண்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கேன்."

கீரை கேட்டான், காய்ச்சல் கேட்டான், வயிற்றுப்போக்கு கேட்டான். பிறகு பேனாவை எடுத்து, அளவைக் குறைத்து எழுதப் போனான். ஸ்டூலில் இருந்தவர் காலை மட்டும் மாற்றிப் போட்டார். ராம்கி பேனாவை வைத்துவிட்டுத் தாளையும் அவளையும் பார்த்தான். அவள் கால் நகத்தில் நடவுச் சேற்றின் கறை இன்னும் போகவில்லை.

"முட்டி வலிக்குதாம்மா?"

"நடவு முடிஞ்சா வலிக்காம என்ன பண்ணும்?"

"அதுக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?"

"மெடிக்கல்ல குடுத்தாங்க, ரோஸ் கலர் மாத்திரை. காலைல ஒண்ணு, ராவுல ஒண்ணு. பத்து நாளா போடுறேன். வலி சுத்தமா இல்ல. அத ஏன் கேக்குறீங்க?"

"இருக்கா இப்ப?"

பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ராம்கி திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து போய் ஸ்டூலில் இருந்தவரிடம் காட்டினான். உலகநாதன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொல்லுங்க" என்றார்.

ராம்கி வந்து உட்கார்ந்தான். "அம்மா, இதுவும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையும் ஒண்ணா சேரக் கூடாது. வயித்துக்குள்ள ரத்தம் கசியும், தெரியவே தெரியாது. இத இன்னியோட நிறுத்திடணும். முட்டிக்கு நான் வேற தர்றேன். ரத்த மாத்திரை ரெண்டு நாளைக்கு வேண்டாம், வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட் எடுக்கணும். வரமுடியுமா?"

"வெள்ளிக்கிழமை உரம் போடணும்."

"உரம் அவரு போடட்டும்."

"அவரு எங்க போடுவாரு? சரி, வர்றேன்."

அவன் எழுதிக் கொடுத்தான். ரோஸ் கலர் அட்டையைத் திருப்பிக் கேட்டாள், அவன் கொடுக்கவில்லை. மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டான். உலகநாதன் ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஏன் முதலிலேயே அதைக் கேட்கவில்லை என்று ஆரம்பித்தார். தர்மாம்பாள் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்குகிற வரிசைக்குப் போனாள். முன்னால் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஒன்றரை மணி மன்னார்குடி பஸ் கிடைக்காது. அடுத்தது இரண்டேகாலுக்கு.